வாழையைப் பற்றி நான் எடுத்த பாடம்

1

மொச்சைப் புழுவுக்கு எத்தனை கால் என்று தேவயானி கேட்டதுதான் எங்கள் வீட்டில் கடைசியாக நடந்த சாதாரண விஷயம். இதை அங்கிருந்தே தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் இது கதையாகத் தொடங்கவில்லை. அவளுடைய முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். இரண்டு பக்கம் போதும் என்றார், மலரைத் தொகுக்கும் கோட்டைச்சாமி. தலைப்பையும் அவரே தந்துவிட்டார்: 'முதியோர் படிப்பு வட்டம் தழைத்தது எப்படி?'

தழைத்தது என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே ஒரு முற்பகல் போயிற்று. பிறகு எழுதினேன்:

திருமதி

[அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடித்துவிட்டேன்.]

சின்னமனூர் வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக அரும்பணியாற்றி ஓய்வுபெற்ற தேவயானி அவர்கள், முதியோர்பால் கொண்ட அன்பினால்

[இதையும் முடிக்கவில்லை. அவளுக்கு முதியோர்பால் அன்பெல்லாம் கிடையாது. 'கெழடுக' என்றுதான் சொல்வாள், தன்னையும் சேர்த்து.]

எனவே மொச்சை. தேவயானி என் நாத்தனார். என் கணவர் போன பிறகு நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். அன்று காலை மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது ஒரு காயைப் பிரித்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"மதினி, இதுக்கு எத்தனை காலுன்னு பாரு."

"புழுவுக்கு ஏதுடி காலு?"

"மொதல்ல கண்ணாடியப் போடு. பெறகு பேசு."

நான் எழுந்து கண்ணாடி தேடவில்லை. அவள் புழுவை ஒரு கிண்ணத்தில் விட்டு மூடி வைத்தாள், வகுப்பில் காட்டுவதற்கு. தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டுவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நெஞ்சை நீவிவிட்டுக்கொண்டாள். பிறகு, "ஆட்டோவக் கூப்பிடு மதினி. இது வாயு இல்ல" என்றாள்.

ஊரில் எத்தனையோ பேருக்கு நெஞ்சுவலியையும் வாயுவையும் பிரித்துச் சொன்னவள். தன் விஷயத்திலும் சரியாகத்தான் சொன்னாள். தேனி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வீரபாண்டியைத் தாண்டும்போது, முடிந்துவிட்டது.

2

வகுப்பைப் பற்றித் தெரியாமல் மேலே படிக்க முடியாது.

வாரம் ஒரு நாள், வேலுச்சாமியின் வாழைக்காய் மண்டிக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் கூடுவோம். அறுபது தாண்டியவர்கள் மட்டும். சம்பளம் வாங்கும் ஆசிரியர் கிடையாது, எங்களில் ஒருவர்தான் பாடம் எடுப்பார். தேவயானி ஒரே ஒரு விதி வைத்திருந்தாள்: பிழைப்புக்காகச் செய்த தொழிலைப் பாடமாக எடுக்கக் கூடாது.

"பொழப்பப் பத்திப் பேசச் சொன்னா எல்லாரும் பெருமை பேசுவீக. தெரியாததப் பேசச் சொன்னாத்தான் ராத்திரி ஒக்காந்து படிப்பீக."

ஆகவே நர்சம்மா உடம்பைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். சர்க்கரையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கெஞ்சியவர்களிடம், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு வாங்குங்கள் என்றாள். அவள் எடுத்தது பூச்சிகள். மண்டிக்காரர் வேலுச்சாமி நிலாவைப் பற்றி எடுத்தார். ராயப்பன்பட்டித் தையல்காரி செலின், நாடாளுமன்றத்தில் யார் எங்கே உட்காருவார்கள் என்று சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினாள். வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற கோட்டைச்சாமி தேனீக்களைப் பற்றிப் பேசினார். ஆண் தேனீதான் கொட்டும் என்றார்.

"எந்த ஊருல?" என்றாள் செலின். "கொட்டுறதெல்லாம் பொம்பளத் தேனீ. நம்பிக்கை இல்லன்னா எங்க வீட்டுக்காரரக் கேளுங்க."

கூடம் சிரித்து அடங்க நேரமாயிற்று. விதியின் இரண்டாம் பாதி அப்போதுதான் வேலை செய்யும். வகுப்பில் யாராவது தவறைப் பிடித்துவிட்டால், பிடிபட்டவர் அடுத்த வாரம் முதல் ஆளாக எழுந்து திருத்தம் சொல்ல வேண்டும். மழை கொட்டினாலும் கூட்டம் குறையாததற்கு அந்தத் திருத்தம்தான் காரணம். போன வாரம் மாட்டியவர் இந்த வாரம் என்ன சொல்லிச் சமாளிப்பார் என்று பார்க்கவே வருவார்கள். மலரில் கேட்டிருந்த 'எப்படி'க்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான். இதற்கு இரண்டு பக்கம் தேவைப்படாது.

(கோட்டைச்சாமி தன் திருத்தத்துக்கு மேகமலைப் பக்கமிருந்து ஓர் உயிருள்ள தேனடையையே கொண்டுவந்தார். சிலருக்குக் கொட்டு விழுந்தது. எங்களில் அவரைப்போலப் படித்தவர் யாரும் இல்லை. இனி வரும் பக்கங்களில் அவரைப் பொல்லாதவராக எழுதப் போகிறேன், அதற்கு முன் இது பதிவாகட்டும். அவளுடைய பாடைக்குத் தோள் கொடுத்தவரும் அவர்தான்.)

3

காரியம் முடிந்த வாரமே வகுப்பு நடந்தது. நிறுத்தக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

உள்ளே போனபோது, பாடம் எடுப்பவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் தேவயானியின் படம் தொங்கியது. அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். சம்பங்கி மாலை. கீழே குத்துவிளக்கு. வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அதுவரை யாரும் அங்கே செருப்பைக் கழற்றியதில்லை.

அன்றைக்கு வேலுச்சாமியின் முறை, இடி மின்னல். எழுந்து போய் நின்றார். தொண்டையைச் செருமினார். திரும்பிப் படத்தைப் பார்த்தார்.

"அக்கா முன்னால ஏதாச்சும் தப்பா வந்துருச்சுன்னா..." என்றார். வந்து உட்கார்ந்துவிட்டார்.

யாரும் அவரைத் தப்பாக நினைக்கவில்லை. அடுத்த வாரம் இன்னொருவரும் அப்படியே. உயிரோடு இருந்தவரை அவள் முன்னால் நிலாவையும் தேனீயையும் தாறுமாறாக உளறியவர்கள், படத்துக்கு முன்னால் ஒரு சொல் பிசகக் கூடாது என்று நடுங்கினார்கள். ஊதுபத்தி வாசத்தில் தவறு சொல்வது பாவம் என்று எப்படியோ எல்லோருக்கும் தோன்றிவிட்டது.

கோட்டைச்சாமி வழி கண்டுபிடித்தார். தவறு சொல்லாதவர்களைக் கூட்டிவந்தார். மூட்டு டாக்டர் மூட்டைப் பற்றிப் பேசினார். பேங்க் அதிகாரி டெபாசிட் பற்றி. யோகா ஆசிரியர் மூச்சைப் பற்றி. எல்லோரும் அவரவர் பிழைப்பைச் சரியாகப் பேசினார்கள். யாரும் எதையும் குறுக்கே கேட்கவில்லை. கூட்டம் சேர்ந்தது. நாற்காலி வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. பேப்பரில் படம் வந்தது. தழைத்தது என்றால் தழைத்ததுதான்.

நான் கோட்டைச்சாமியிடம் போனேன்.

"அந்தப் படத்தக் கழட்டிருங்க."

"என்ன மதினி, இப்பிடிச் சொல்றீக?"

"வீட்டுல மாட்டிக்கிறேன். அங்கன வேண்டாம்."

"ஒங்க வீட்டு ஆளுன்னு நெனச்சுப் பேசாதீக. அவுக எங்க எல்லாருக்கும் பொது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒங்களுக்கு மனசு சரியில்ல. கொஞ்ச நாள் போகட்டும்."

துக்கப்பட்டவள் சொல்வதற்கு ஊரில் என்ன மதிப்பு என்று அன்று கற்றுக்கொண்டேன். அதுவும் படிப்புத்தான்.

4

இங்கே செலின் வருகிறாள். முந்தைய பிரதியில் அவளை இப்படிப் பேச வைத்திருந்தேன்:

"அவளக் கொன்னது நெஞ்சுவலி. வகுப்பக் கொன்னது நாம."

[செலின் இப்படிப் பேசுகிறவள் இல்லை. இது நான், அவள் சேலையைக் கட்டிக்கொண்டு பேசியது.]

அவள் உண்மையில் சொன்னது வேறு. கூடத்து வாசல் படியில் என்னை நிறுத்தி, "இங்கன டீயில சீனி போடுறத நிப்பாட்டிட்டாக பாத்தியா சந்தனம்? டாக்டர் சொன்னாராம். வாயத் தொறக்கவும் கூடாது, சீனியும் கெடையாதுன்னா நான் எதுக்கு வரணும்?" என்றாள். பிறகு வரவில்லை. கதையில் ஆத்திரப்பட்டு விலகும் பாத்திரம் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும். சீனிக்காக விலகியவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

5

நினைவு நாளன்று என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பாடமே எடுக்கிறேன் என்றேன். சந்தோஷப்பட்டார்கள். வாழையைப் பற்றி என்றேன். நான் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தவள், விதிக்குக் குறைவில்லை.

படத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். முன் வரிசையில் வேலுச்சாமி. அவர் அப்பா காலத்திலிருந்து வாழை. பின்னால் வாழை போட்டவர்கள், தார் சுமந்தவர்கள், இலை அறுத்து விற்றவர்கள். இந்தப் பள்ளத்தாக்கில் வாழை தெரியாத கிழவர் யார்? முதலில் கிழங்கு, கன்று, இலை என்று சரியாகவே சொன்னேன். பிறகு, வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டு வந்ததைச் சொன்னேன்:

"வாழை ஒரு தடவை தார் போட்டதும் கொஞ்ச காலம் ஓய்வெடுக்கும். அடுத்த வருசம் அதே மரம் மறுபடியும் தார் போடும். அதனாலதான் தார் வெட்டுன மரத்த யாரும் சாய்க்கிறதில்ல."

சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

சின்னக் குழந்தை கூடச் சிரிக்கும் தவறு. ஒருவர் எழுந்து 'என்ன பேச்சு இது' என்றால் போதும். பிடிபட்டு, அடுத்த வாரம் வந்து திருத்தம் சொல்லி, செலினையும் கூட்டிவந்து, எல்லாவற்றையும் மறுபடி தொடங்கிவிடலாம் என்றிருந்தேன். எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்தார். ஆண்டுக்கணக்காக வாழை இலைக் கடை வைத்திருந்தவர். யாரோ மெதுவாகத் தலையாட்டினார்கள். வேலுச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை தட்டினார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

மண்டிப் பக்கம் வேலுச்சாமியைப் பிடித்தேன்.

"தம்பி, தார் வெட்டுன மரம் மறுபடி போடுமா?"

"போடாதுக்கா."

"வெட்டிச் சாய்க்கிறதா, விட்டு வைக்கிறதா?"

"வெட்டித்தான் ஆகணும். பக்கக் கன்னு மேல வரணும்ல."

"அப்ப அங்கன ஏன் வாயத் தெறக்கல?"

"நீங்க அழுகாம நின்னு பேசுறதே பெரிசு. அதுல போயி வாழையப் பத்தி..."

"அவ இருந்திருந்தா?"

"அக்காவா? பாதியிலயே ஒங்கள ஒக்கார வச்சிருப்பாக." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "படத்தப் பாத்தாக்க வாய் வரலக்கா. நான் என்ன செய்ய?"

6

முடிவுகள்.

முதலாவது: காற்றடித்துப் படம் விழுகிறது. [வேண்டாம். ஆணி அடித்தது வேலுச்சாமி, கான்கிரீட் ஆணி. விழாது.]

இரண்டாவது: மறுவாரம் வேலுச்சாமி எழுந்து, 'வாழையப் பத்திச் சந்தனக்கா சொன்னது தப்பு' என்கிறார். இதை முழுப் பக்கம் எழுதினேன். அவர் குரல் நடுங்குவது, செலின் வாசலில் வந்து நிற்பது, எல்லாம் நன்றாக வந்திருந்தது. நான் எழுதியதிலேயே நல்ல பக்கம் அது. நடக்கவில்லை. கிழித்துவிட்டேன்.

மூன்றாவது: நாங்கள் சிலர் மட்டும் செலின் வீட்டில் புதிதாகத் தொடங்குகிறோம். இது நடந்தது. அவளும் நானும் மட்டும் இருந்தோம். அவள் கடலைப் பற்றிச் சொன்னாள். நான் ஒரு தவறைப் பிடித்தேன். "சரி, அடுத்த வாரம் சொல்றேன்" என்றாள். அடுத்த வாரம் அவள் பேத்திக்குக் காய்ச்சல். இரண்டு பேர் இருந்தால் அது அரட்டை. வகுப்பு ஆவதில்லை.

நிஜத்தில் நடந்தது இது. நான் கட்டுரை தராததால், என் பேச்சைக் கைபேசிப் பதிவிலிருந்து தட்டச்சு செய்து, நினைவு நாளுக்குப் பிறகு வந்த மலரில் போட்டுவிட்டார்கள். தலைப்பு: 'வாழை சொல்லும் வாழ்வியல் பாடம்'. கடைசியில் கோட்டைச்சாமி ஒரு வரி சேர்த்திருந்தார்: 'மீண்டும் மீண்டும் தார் ஈனும் வாழையைப் போல, நம் அக்கா நம்மிடையே என்றும்'

[மிச்சத்தை எழுதக் கை வரவில்லை.]

அவர் முப்பது வருடம் வயல் வயலாகப் போய்ப் பயிர்க் கணக்கு எடுத்தவர். போன் செய்தேன்.

"வாழை ஒரு தடவதான் தார் போடும்னு தெரியாதா ஒங்களுக்கு?"

"தெரியும் மதினி."

"தெரிஞ்சுமா அச்சடிச்சீக?"

"ஒங்க வாயால வந்தத நான் எப்பிடித் திருத்த?" அவர் குரல் உடைந்துவிட்டது. "அதுவும் அன்னைக்கு, அந்த எடத்துல."

அவரைப் பொல்லாதவராக எழுத முடியாமல் போனது அந்த இடத்தில்தான். அதுதான் இந்தக் கதையில் எனக்கு அதிகம் கசக்கிறது. குற்றம் சொல்ல ஒருவர் கிடைத்திருந்தால் முடிவு வந்திருக்கும். எல்லோரும் அவள்மேல் பிரியமாகத்தான் இருக்கிறார்கள். அந்தப் பிரியம்தான் வாரா வாரம் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது, வாயைத் திறக்காமல்.

7

நானே எழுந்து என் தவறைச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொல்ல முடியாது. பிடிபடாத தவறுக்குத் திருத்தம் கிடையாது, அது அவள் வைத்த ஒழுங்கு. அதை நான் மாற்றினால், படம் மாட்டியவர்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

நீங்கள் இதுவரை படித்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தேவயானியைத் தெரியாது. என்மேல் இரக்கப்பட வேண்டிய கடமையும் இல்லை. அங்கே இருப்பவர்களில் ஒருவரிடமும் இல்லாத தகுதி இது. அந்தக் கூடத்துக்குள் போய், அச்சில் வந்த வாழைச் சமாச்சாரம் தப்பு என்று ஒரு முறை சொன்னால் போதும். வெளியே போகச் சொல்வார்களா, அல்லது பின் வரிசையில் யாராவது ஒருவர் சிரித்துவிடுவாரா என்பது எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் முடிவை எழுதவில்லை. யாராவது சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டால் அடுத்த வாரம் திருத்தம் சொல்ல நான் வந்து நிற்பேன்.

மண்டிக்குள் நுழைந்து நேரே பின்னால் போக வேண்டும். புதன்கிழமை, காலை பத்தரை. அவள் வைத்த நேரம். அதை இன்னும் யாரும் மாற்றவில்லை.