பொருட்காட்சியில் முத்தம்மாள்

1982ஆம் ஆண்டு அரையாண்டுத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில், பழவேற்காட்டுப் பள்ளியின் பத்தாம் வகுப்புக்கு ஒரு டேப் ரிக்கார்டர் வந்து சேர்ந்தது. கட்டுரைகளை அதில் பதிந்து, நாற்பது பேரையும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்யவைக்கத் தமிழாசிரியை கஸ்தூரியம்மாள் தீர்மானித்தார். தோணிரேவிலிருந்து வரும் தெய்வநாயகிக்குக் கணீரென்ற குரல். ஆகவே உரைநூலிலுள்ள ‘நான் கண்ட பொருட்காட்சி’யைப் பார்க்காமல் ஒப்பிப்பது அவள் பொறுப்பாயிற்று. பெயர் வேண்டாம், கட்டுரை எண் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு, பக்கத்து வகுப்பின் கூச்சலை அடக்க ஆசிரியை போனார்.

ராட்டினம் வரையில் தங்குதடையின்றிச் சென்ற தெய்வநாயகிக்கு, அதற்குமேல் ஒரு வரியும் எழவில்லை. நாடாவோ சுழன்றுகொண்டேயிருந்தது, இருந்ததும் ஒரே கேசட். பொருட்காட்சி எதையும் அவள் கண்டதில்லை. கண்டதெல்லாம் ஏரிக்கரை ஏலந்தான். ஆகவே ராட்டினத்தருகே நண்டு ஏலம் ஒன்றைக் கூட்டி, தன் சித்தி முத்தம்மாளைக் கூடையோடு அங்கே அமர்த்தினாள். விலை கேட்கத் தயங்கிய வியாபாரியைச் சித்தி, “இன்னாய்யா, நண்டு வாயக் கவ்விக்கிச்சா?” என்று கேட்டதோடு கட்டுரை இனிதே முடிந்தது.

மாலைதோறும் கேசட் ஓடியது. ஆசிரியை அந்நேரம் பொன்னேரிப் பேருந்தைப் பிடிக்க ஓடிவிடுவார். மாணவர்களோ பொருளைக் கேட்பதில்லை. மனப்பாடம் மட்டுமே செய்வர். நான்காம் நாள் வகுப்பு முழுவதும் சித்தியின் கேள்வியை ஒரே குரலில் ஒப்பித்தபோது, தெய்வநாயகிக்கு விபரீதம் விளங்கிற்று. விடைத்தாள்களை வேற்றூர் ஆசிரியர் திருத்துவார். அத்தனை பேரும் தோற்றால் பழி அவளுடையது. பக்கத்தில் அமரும் மஸூதாவிடம் உண்மையைச் சொன்னாள்.

“இப்ப வந்து சொல்றியேடி. உங்க சித்தி எங்களுக்கு மனப்பாடம் ஆயிட்டாங்க. இனிமே மறக்கச் சொன்னா இன்னா பண்றது?” என்றாள் மஸூதா.

தேர்வில் தெய்வநாயகி மட்டும் உரைநூலில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் எழுதினாள்.

விடைத்தாள்கள் திரும்பின. கட்டின்மேல் திருத்தியவர் ஒரு குறிப்பு வைத்திருந்தார்: ‘இப்பொருட்காட்சி எங்கே நடைபெறுகிறது? முத்தம்மாளிடம் இரண்டு கிலோ நண்டு வாங்க வேண்டும்.’ முப்பத்தொன்பது பேருக்குப் பத்துக்கு எட்டு. ஒருத்திக்கு மட்டும் நான்கு. அதனருகே, ‘சொந்தமாக எழுதுக.’

விவரமெல்லாம் மஸூதாவின் வாயால் வெளிவந்தது. ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஏன் நாயகி, சித்தி உனக்கு மட்டும் நண்டு தரலியா?” என்று கேட்டார்.

வகுப்பு சிரித்து ஓய்ந்ததும், டேப் ரிக்கார்டர் மீண்டும் அவள்முன் வைக்கப்பட்டது. இம்முறை சொந்தக் கட்டுரை ஒன்றைப் பெயரைச் சொல்லித் தொடங்கும்படி உத்தரவு. தெய்வநாயகி நிமிர்ந்து அமர்ந்து பொத்தானை அழுத்தினாள்.

“என் பெயர் தெய்வநாயகி. என் ஊர் தோணிரேவு.”

முப்பத்தொன்பது பேரும் தலை குனிந்து, ‘என் பெயர் தெய்வநாயகி’ என்று எழுதிக்கொண்டனர்.