வாற மனிசன்ரை படம்

பூமாலையைக் கண்டதும் சோமசேகரம் வாசலிலேயே நின்றுவிட்டான்.

காலையில் மண்டபத்தைத் திறந்து, தன் படங்கள் நேராகத் தொங்குகின்றனவா என்று பார்த்துவிட்டுத் தெருமுனைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தான். திரும்பி வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அண்ணன் கதிரவேலுவின் படத்துக்கு யாரோ வெள்ளைப் பூமாலை போட்டிருந்தார்கள். போதாக்குறைக்குக் கீழே ஒரு முக்காலி வைத்து, அதில் குத்துவிளக்கும் ஏற்றியிருந்தார்கள்.

அண்ணன் மனைவி பாலேஸ்வரி காலை பஸ்ஸில் வல்வெட்டித்துறையிலிருந்து வருவதாக இருந்தது. அந்தப் படத்தைப் பார்க்கத்தான் அவள் வருகிறாள்.

அது முப்பத்தெட்டாம் ஆண்டு. சித்திர வாத்தியார்மார் சிலர் சேர்ந்து யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் படக் கண்காட்சி வைத்தார்கள். காணி வழக்குக்கும் கோயில் திருவிழாவுக்கும் கூடுகிற சனம், சுவரில் தொங்குகிற படத்தைப் பார்க்க வருமா என்று எல்லோருக்கும் சந்தேகம்தான். ஆனால் சனம் வந்தது. வந்து தனக்குத் தெரிந்த விதமாகப் பார்த்தது. நீர்வேலி வாழைத்தோட்டத்தைச் சோமசேகரம் ஒரு மாரிகாலம் முழுக்கச் சேற்றில் நின்று படமாகக் கீறியிருந்தான். அதன் முன்னால் நின்ற ஒரு கமக்காரர், "உது கதலி வாழையோ கப்பல் வாழையோ எண்டு தெரியேல்லையே" என்று குறைப்பட்டார். அச்சுவேலிச் சந்தைப் படத்தில் இன்னொருவர் தன் முகத்தைத் தேடிக் காணாமல் கோபித்துக்கொண்டு போனார். இதற்கெல்லாம் சோமசேகரம் உள்ளுக்குள் சிரித்தான். பார்த்தார்களே, அதுவே பெரிது.

அண்ணனின் படத்தடியில் மட்டும் கதையே வேறு. அங்கே வந்ததும் சனம் பேச்சை நிறுத்தியது. சிலர் செருப்பைக் கழற்றினார்கள். ஒரு மனிதர் கைகூப்பிவிட்டு நகர்ந்தார். முதல் நாள் முழுக்க இதைத் தூரத்தில் நின்று பார்த்த சோமசேகரத்துக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. வாழையும் சந்தையும் செய்யாததை இந்த ஒரு முகம் செய்துவிட்டது, தனக்குக் கை படிந்துவிட்டது என்று இரவு முழுவதும் நினைத்து நினைத்து மகிழ்ந்தான். மனிதனுக்குப் பெருமை வந்தால் புத்தி ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றுவிடுமாக்கும்.

கதிரவேலு பாய்க்கப்பல் தண்டயல். கப்பலை நடத்துகிற தலைவனுக்கு வல்வெட்டித்துறையில் அதுதான் பேர். நாலு வருஷத்துக்கு முன்னால் ரங்கூனுக்கு அரிசி ஏற்றப் போன கப்பல் திரும்பி வரவில்லை. கூடப் போனவர்களும் வரவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. ஒரு வருஷம் பார்த்துவிட்டு மற்றக் குடும்பங்கள் தர்ப்பையில் உருவம் செய்து, அதற்குக் கொள்ளி வைத்து, கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியையும் செய்து முடித்தன. பாலேஸ்வரி மாட்டேன் என்றாள். பொட்டையும் தாலியையும் விடவில்லை. இனசனம் வந்து இருந்து புத்தி சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். முகத்துக்கு நேரேயும் சொன்னார்கள், முதுகுக்குப் பின்னாலும் சொன்னார்கள்.

அவளுக்காக வாதாடிய ஒரே ஆள் சோமசேகரம்தான். "அண்ணை வருவார். எந்தக் கரையிலை ஒதுங்கி இருக்கிறாரோ, ஆர் கண்டது" என்று பெரியவர்களை எதிர்த்துப் பேசினான். அவன் அச்சுவேலியில் சித்திர வாத்தியாராக இருந்தான். சனிக்கிழமை தோறும் ஊருக்கு வந்து அவள் கையால் ஒருநேரம் சாப்பிட்டுப் போவான். அவனைக் கண்டால்தான் அவளுக்குத் தெம்பு. அவன் ஒருவனாவது நம்புகிறானே என்று.

கடலை நம்பிச் சீவிக்கிற வீட்டில் "போறன்" என்ற சொல் கிடையாது. "போட்டு வாறன்" என்றுதான், போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். பாலேஸ்வரி மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போனாலும் "போட்டு வாறன்" சொல்லாமல் படி இறங்கமாட்டாள். சோமசேகரம் அதைச் சொல்லிச் சொல்லியே அவளைப் பகிடி பண்ணுவான். செத்தவீட்டிலிருந்து எழும்பும்போது மட்டும் எந்த ஊரிலும் ஒருவரும் அதைச் சொல்வதில்லை. அங்கே சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போக வேண்டும். திரும்பி வருகிறேன் என்பது அந்த வாசலில் ஆகாத பேச்சு.

அண்ணனைக் கீறப் போகிறேன் என்று அவன் சொன்னபோது அவள் கைவேலையை விட்டு நிமிர்ந்தாள்.

"கீறு தம்பி. ஆனா சுவரிலை மாட்டி வைக்கிற மாதிரிக் கீறாதை. வாற மனிசன்ரை படமாக் கீறு."

"ஓம் மச்சாள். அப்பிடித்தான் கீறுவன்."

சொல்வது எளிது. முதலில் கடற்கரையில் கீறினான். இடுப்பில் பழஞ்சாரம், மழிக்காத தாடி, தோளில் கயிறு, பின்னால் கடல். கடைசியாக அண்ணன் அப்படித்தான் நின்றான். ஆனால் கடலைத் தீட்டத் தொடங்கினால் கை ஓடாது. அந்தத் தண்ணீரை அவனால் பார்க்க முடியவில்லை. பல மாதம் படத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்தான். பிறகு ஒரு விடுமுறையில் எடுத்துக் கடலை மூடிக் கபில நிறம் பூசினான். கை ஓடத் தொடங்கியது. தாடியை எடுத்தான். சாரத்தை மாற்றி, கலியாணத்துக்கு உடுத்த பட்டுவேட்டியை உடுத்தினான். சால்வை போட்டான். நெற்றியில் திருநீற்றை மூன்று குறியாக அழகாக இழுத்தான். கைகள் இரண்டையும் மடியில் வைத்தான். அண்ணன் இவ்வளவு வடிவான ஆளா என்று அவனுக்கே வியப்பாக இருந்தது. அதுவரை கீறியதில் எந்தப் படத்துக்கும் அவன் அவ்வளவு அன்பைச் செலவழித்ததில்லை.

இப்போது அதற்குத்தான் மாலையும் விளக்கும்.

"ஆர் உதைப் போட்டது?" என்று சத்தம் வைத்தான்.

கண்காட்சிக்குச் செயலாளராக இருந்த தியாகராசா ஓடி வந்தார். நல்ல மனிதர். ஊரில் யார் வீட்டு நன்மை தின்மை என்றாலும் முன்னுக்கு நிற்பவர்.

"நான்தான் மாஸ்டர். உங்கடை அண்ணை எண்டு சொன்னாங்கள். வெறுமையாக் கிடந்தது, மரியாதை இல்லையெண்டு போட்டன். எப்ப தவறினவர்?"

"அவர் தவறேல்லை."

தியாகராசா அவனைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். "படத்தைப் பாத்தா..." என்று தொடங்கி, மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

ஆணி உயரத்தில் இருந்தது. மாலையைக் கழற்றச் சோமசேகரம் ஏறி நிற்க ஒரு கதிரை எடுக்க ஓடினான். கதிரையைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது பாலேஸ்வரி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றாள். அயல்வீட்டு நல்லம்மாவைத் துணைக்குக் கூட்டி வந்திருந்தாள். நல்ல சேலை உடுத்து, பெரிதாகப் பொட்டு வைத்திருந்தாள். புருஷனைப் பார்க்க வந்தவள் அல்லவா.

நல்லம்மா முதலில் கண்டுவிட்டு வாயைப் பொத்தினாள். பாலேஸ்வரி நேரே நடந்து போய்ப் படத்தடியில் நின்றாள். சோமசேகரம் கதிரையை நிலத்தில் வைத்தான்.

"மச்சாள், உது நான் போட்டதில்லை. தெரியாமல் போட்டிட்டினம். இப்ப கழட்டி விடுறன்."

"பொறு தம்பி."

அவள் மாலையைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியிலிருந்து வேட்டிக் கரை வரைக்கும் மெல்ல மெல்லப் பார்த்தாள்.

"கடலைக் காணேல்லை" என்றாள்.

"அது... எனக்குக் கீற ஏலாமல் போச்சு."

"கடலுக்குப் போன மனிசன் இப்பிடியே வாறது, தம்பி? பட்டுவேட்டியோடை?" குரலில் கோபம் இல்லை. "குளிப்பாட்டி, முகம் வழிச்சு, திருநீறு பூசி, கோடி உடுத்தி விட்டிருக்கிறாய்."

சோமசேகரம் படத்தைப் பார்த்தான். எத்தனையோ நாள் விரல் நீளத்தில் நின்று பார்த்த படத்தை அன்றுதான் கண்டான். தியாகராசாவில் பிழை இல்லை. கைகூப்பிய மனிதரிலும் பிழை இல்லை. அவர்கள் கண்டதைத்தான் கண்டார்கள். நாலு வருஷமாக வாயால் வருவார், வருவார் என்று சொன்னவனின் கை, அண்ணனைக் குளிப்பாட்டிக் கிடத்திவிட்டது. அவளை நம்ப வைத்த ஒரே ஆள் அவன். அவனே நம்பவில்லை என்பதை எல்லோரும் பார்க்கச் சுவரில் மாட்டியும் வைத்துவிட்டான். அவனுக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விட வேண்டும் போல் இருந்தது.

"பிழை விட்டிட்டன் மச்சாள். கொண்டுபோய் மாத்திக் கீறுறன். சாரத்தோடை, தாடியோடை, கடலோடை. நீங்கள் சொன்ன மாதிரியே கீறித் தாறன்."

"வேண்டாம்." அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் நிதானமாக இருந்தது. "குளிச்ச மனிசனைத் திருப்பி அழுக்காக்காதை. இவ்வளவு காலமா அவருக்கு ஆரும் இதைச் செய்யேல்லை. நானும் செய்ய விடேல்லை. நீயாவது செய்தாய்."

மாலை ஒரு பக்கம் இறங்கித் தொங்கியது. அவள் எட்டி, கீழ்நுனியைப் பிடித்துச் சமனாக இழுத்துவிட்டாள். விளக்கின் திரி கருகியிருந்தது. விரலால் தூண்டிவிட்டு, விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். கண்ணை மூடிச் சற்று நேரம் நின்றாள்.

மற்றப் படங்கள் எதையும் அவள் பார்க்கவில்லை. நல்லம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பெண்களும் மண்டபத்தின் நடுவால் நடந்தார்கள். சனம் விலகி வழி விட்டது.

சோமசேகரம் பின்னாலேயே வாசல் மட்டும் போனான். "போட்டு வாறன்" என்ற அந்தச் சொல்லுக்காக நின்றான். நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அதைச் சொல்லத் தவறியதில்லை. மாட்டடிக்குப் போகிறவளே சொல்லுவாள். இன்றைக்கு மட்டும் விடுவாளா?

பாலேஸ்வரி செருப்பை மாட்டினாள். படியில் இறங்கினாள். ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பாராமல், தெருவுக்குப் போய்விட்டாள்.

அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, முதல் தடவையாக அண்ணனுக்காக அழுதான்.