பின்னாலேயே வருகிறவர்களுக்கான பகுதி

அந்தக் கிரகத்தில் காலியிடம் கிடையாது. ஆட்களும் அவ்வளவாகக் கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிவப்பு மண். அந்த மண் முழுக்கத் துண்டு போட்டு இடம் பிடித்திருந்தார்கள்.

துண்டு மட்டும் என்றில்லை. கைக்குட்டை, மடித்த செய்தித்தாள், தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு என்று கையில் அகப்பட்டதைப் போட்டிருந்தார்கள். ஓர் இடத்தில் சீப்பு கிடந்தது. அங்கங்கே பொருளுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். யாரிடம் போய்க் கேட்டாலும் "ஆள் வருது" என்றார்.

விண்கலத்தின் படியில் நின்று கோமதிநாயகம் இதையெல்லாம் பார்த்தான். கலத்தின் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். வானத்தில் இரண்டு சூரியன்கள் இருந்தன. ஒன்று சுள்ளென்று காய்ந்தது. மற்றது உப்புக்குச் சப்பாணி.

கூட வந்த சூசையைக் காணவில்லை. நேற்றுக் காலை இறங்கிப் போனவன் திரும்பவில்லை.

கேப்டன் திலகவதி கிரகங்களின் கையேட்டை எடுத்து வாசித்தார். இந்தக் கிரகத்துக்கு இரண்டே வரிதான் ஒதுக்கியிருந்தார்கள். 'விரோதமான கிரகம். உட்கார இடமில்லாதவர்கள் ஒன்றரை நாளில் கரைந்துபோவார்கள்.'

"எப்படிங்க கரைவாங்க?" என்று சமையல்காரர் ரவூப் கேட்டார்.

"எடை குறைஞ்சுகிட்டே வருமாம். வலிக்காதுன்னு போட்டிருக்கு."

"அப்ப பரவாயில்ல."

கலத்தில் மொத்தமே நாலு பேர்தான். எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் ஒருவர் முன்னால் போய் இடம் பிடிப்பார், மற்றவர்கள் பின்னால் போவார்கள். அது அவர்களுடைய வழக்கம். ஆனால் இந்தக் கிரகத்தில் ஒருவர் ஒரே ஓர் இடம்தான் பிடிக்கலாம். தனக்காகப் பிடித்தால் அதில் தானே உட்காரலாம். அடுத்தவருக்காகப் பிடித்தால் அவர் வரும்வரை பக்கத்தில் நிற்க வேண்டியதுதான்.

"சூசை கெட்டிக்காரர். எங்கயாவது ஒரு எடத்தைப் பிடிச்சு உக்காந்துதான் இருப்பார்" என்றார் கேப்டன்.

சூசை உட்கார்ந்திருக்க மாட்டான் என்று கோமதிநாயகத்துக்குத் தெரியும். ஏனென்றால் நேற்றுக் காலை படியில் வைத்து அவன்தான் சூசையிடம் சொன்னான்: "மக்கா, எனக்கு ஒரு எடம் பிடிச்சு வையி. பின்னாலேயே வாரேன்."

சொல்லிவிட்டு ஒரு டீ குடித்தான். ரவூப் சூடாக உளுந்தவடை போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று தின்றான். ஒன்றோடு நிறுத்துகிற வடையாக அது இல்லை. பிறகு சற்றுக் கண்ணயர்ந்தான். எழுந்தபோது மறுநாளாகிவிட்டது.

இது கேப்டனுக்குத் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான் கோமதிநாயகம். தின்ற வடை நெஞ்சிலேயே நின்றது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நாலு இருக்கையும் நிரம்பினால்தான் கலம் கிளம்பும். கக்கத்தில் தோல்பையோடு உள்ளூர்க்காரர் ஒருவர் காலையிலேயே வந்து படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். தலையை நன்றாக வாரியிருந்தார்.

"நான் வேணா வரட்டுங்களா?" என்று அரை மணிக்கு ஒருமுறை கேட்டார். பணிவாகத்தான் கேட்டார்.

"நாலு மணி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள சூசை வரலைன்னா இவர் உக்காந்துக்கட்டும்" என்றார் கேப்டன்.

கோமதிநாயகத்தை அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினார்கள். அறுபத்தெட்டுக் கிலோ. கேப்டன் அதைக் குறித்துக்கொண்டார். அவன் சூசையைத் தேடி இறங்கி நடந்தான்.

கொஞ்ச தூரத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒரு நடத்துனர் வெட்டவெளியில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

"உள்ள போங்க, உள்ள போங்க. வழியில நிக்காதீங்க."

"உள்ள எடம் இருக்கா?"

"எடம் இல்ல. ஆனா உள்ள போங்க."

"ஒருத்தனத் தேடுதேன். பேரு சூசைநாதன். ஒல்லியா இருப்பான்."

"இங்க எல்லாரும் ஒல்லிதான். யாருக்கு எடம் பிடிச்சார்? தனக்கா, அடுத்தவங்களுக்கா?"

"அடுத்தவங்களுக்கு."

"அந்த அடுத்தவர் என்ன சொல்லியிருந்தார்?"

கோமதிநாயகம் திரும்பிப் பார்த்தான். கேப்டன் காது கேட்காத தொலைவில் இருந்தார். "பின்னாலேயே வாரேன்னு" என்றான்.

நடத்துனர் பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

"அதுக்குத் தனிப் பகுதி. இப்படியே நேராப் போங்க. பெருசா இருக்கும்."

போகிற வழியில் வேறு பகுதிகளும் வந்தன. 'பத்து நிமிடத்தில் வருகிறவர்கள்' பகுதி ஒரு முற்றம் அளவுக்குத்தான் இருந்தது. 'சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள்' பகுதியைக் கடக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. அங்கே யாருமே நிற்கவில்லை. வெறும் துண்டுகள்.

அதைத் தாண்டி ஒரு கைகாட்டிப் பலகை இருந்தது. 'பின்னாலேயே வருகிறவர்கள் – 2 கி.மீ.' அரை மணி நடந்தான். அடுத்த பலகையில் 3 கி.மீ. என்று இருந்தது. ஒருவர் ஏணியில் நின்று அதை 4 ஆக மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏன் கூடுது?"

"நீங்க லேட்டாயிட்டே இருக்கீங்கள்ல" என்றார் அவர், தூரிகையை எடுக்காமல்.

கோமதிநாயகம் ஓட்டமும் நடையுமாகப் போனான். பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் ஒரு தூக்குவாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் உடம்பு வழியாகப் பின்னால் கிடந்த கைக்குட்டை தெரிந்தது. அதன் பூவேலை கூடத் தெரிந்தது.

"ஆள் வருது" என்றார் அந்த அம்மாள்.

"சரிம்மா. யாரு வாராங்க?"

"எங்க வீட்டுக்காரர். சட்டைய மாத்திக்கிட்டுப் பின்னாலேயே வர்றேன்னார்."

"எப்பம் சொன்னாரு?"

"முந்தாநாள் ராத்திரி."

"நீங்களே உக்காந்துரலாமேம்மா. அவர் வந்தா எந்திரிச்சுக்கிடலாம்."

"அதெப்படி? அவருக்குன்னு பிடிச்ச எடம். அவர் வந்து பாத்தா நான் என்னன்னு..."

கோமதிநாயகம் மீதி வார்த்தைக்குக் காத்திருந்தான். குறுக்கே பேசுவது மரியாதை இல்லை என்று காத்திருந்தான். தூக்குவாளி மட்டும் இருந்தது. அந்த அம்மாள் இல்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காலையிலிருந்து தாண்டி வந்த ஒவ்வொரு துண்டுக்குப் பக்கத்திலும் ஒருவர் நின்றிருந்திருக்கிறார். அவன் ஓடினான். கால் முன்னைவிட லேசாக இருந்தது, அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

சூசையைக் கண்டுபிடித்தது அவன் துண்டை வைத்துத்தான். நீலக் கட்டம் போட்ட துண்டு, ஓரத்தில் எண்ணெய்க் கறை. அதற்குப் பக்கத்தில் சூசை இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தான். முகம் பழைய புகைப்படம்போல வெளுத்திருந்தது. ஆனாலும் இருந்தான். கோமதிநாயகத்துக்கு அழுகை வந்துவிட்டது. தன் கலியாணத்தன்றுகூட அவன் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"ஏல சூசை."

சூசை திரும்பி மரியாதையாகச் சிரித்தான். "ஆளு வருது அண்ணாச்சி."

"நான்தாம்ல."

"இல்ல அண்ணாச்சி. வாரவன் பேரு கோமதிநாயகம்."

"நான்தான் கோமதிநாயகம்."

சூசை அவனை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தான். மனம் நோகாமல் சொல்ல வேண்டுமே என்று யோசிப்பது தெரிந்தது.

"பேரு ஒத்துப்போவும். ஆனா அவன் பின்னாலேயே வாரேன்னு சொன்னான். நீங்க இப்பம்தான வாரிய."

"லேட்டாயிட்டு மக்கா."

"அவன் லேட்டாக்க மாட்டான். உங்களுக்கு அவனத் தெரியாது. வாரேன்னா வந்துருவான்."

கோமதிநாயகம் சட்டையைத் தூக்கி விலாவில் இருந்த தழும்பைக் காட்டினான். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்ததைச் சொன்னான். போன கிரகத்தில் சூசைக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததைச் சொன்னான். சூசை முகம் மலர்ந்தது.

"எல்லாம் சரிதான். அவனப் பத்தி எவ்வளவு தெரிஞ்சி வச்சிருக்கிய. வந்தான்னா சொல்லுதேன், சந்தோசப்படுவான்."

"சரி, நீயாவது உக்காரு. கரஞ்சிருவல."

"அவன் எடத்துலயா?" என்றான் சூசை. குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

கோமதிநாயகம் மேற்கொண்டு பேசாமல் துண்டின் மேல் உட்காரப் போனான். இடம் அவனை ஏற்கவில்லை. அடித்துத் தள்ளவும் இல்லை. தூங்கி விழுகிறவரைப் பக்கத்துச் சீட்டுக்காரர் நிமிர்த்திவிடுவதுபோல மெல்ல எழுப்பி நிறுத்தியது. மூன்று முறை உட்கார்ந்தான். மூன்று முறையும் நின்றுகொண்டிருந்தான்.

சூசையின் கைகள் வழியாக இப்போது சிவப்பு மண் தெரிந்தது.

"வடை தின்னேன்" என்றான் கோமதிநாயகம். வேறு வழி தெரியவில்லை அவனுக்கு. "உன்ன நிக்க வச்சிட்டு வடை தின்னேன். பொறவு தூங்கிட்டேன்."

"பசிச்சா தின்னத்தான செய்யணும் அண்ணாச்சி. இதுக்குப் போயி ஏன் அழுதிய?"

முன்பின் தெரியாத ஒருவரை மன்னிப்பது சூசைக்கு எப்போதுமே சுலபம். கோமதிநாயகத்துக்கு வேண்டியிருந்தது அந்த மன்னிப்பு அல்ல.

அந்த நேரத்தில் தூரத்தில் ஒருவன் ஓடி வருவது தெரிந்தது. துண்டுகளை மிதிக்காமல், வழியில் யாரிடமும் நின்று பேசாமல் ஓடி வந்தான். பக்கத்தில் வந்ததும் பார்த்தால் அவனும் கோமதிநாயகம்தான். அவசரத்தில் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். மூச்சு இரைத்தது. வாயில் வடை வாசனை இல்லை.

"வந்துட்டேம்ல" என்றான்.

"வா மக்கா" என்றான் சூசை.

"ரொம்ப நேரம் நிக்க வச்சிட்டனோ?"

"இல்லல, இப்பம்தான் வந்து நின்னேன்."

வந்தவன் துண்டின் மேல் உட்கார்ந்தான். இடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நொடியே சூசைக்குப் பின்னால் நிழல் விழுந்தது. முதலில் வெளிறி, பிறகு நல்ல கறுப்பாக.

கோமதிநாயகத்துக்குக் கோபம் வரவில்லை. சூசையின் நிழலைப் பார்த்ததும் உடம்பெல்லாம் தளர்ந்து நிம்மதியாக இருந்தது. பிறகு வந்தவனிடம் ஏதாவது குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்தான். சூசை களைத்திருக்கிறான் என்று பார்த்துவிட்டு, கேட்காமலே அவனுக்குத் தோள் கொடுத்தான் வந்தவன். நல்லவனாகத்தான் இருந்தான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"போவமா?"

"போவம்."

இருவரும் துண்டை உதறி மடித்துக்கொண்டு நடந்தார்கள். கோமதிநாயகம் அவர்களுக்குப் பின்னாலேயே நடந்தான். அவன் அப்படி நடந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. வந்தபோது அரை நாள் பிடித்த வழி இப்போது நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

கேப்டன் தராசோடு காத்திருந்தார். சூசை பதினொரு கிலோ இருந்தான், ஆனால் முள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அடுத்தவன் அறுபத்தெட்டு. "குறையவே இல்ல. நல்லது" என்றார் கேப்டன். இருவரும் மேலே ஏறினார்கள். தோல்பைக்காரர் "அப்ப நான் வரட்டுங்களா" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனார்.

கேப்டன் நாலு இருக்கையையும் எண்ணினார். பிறகு படிக்குக் கீழே நின்ற கோமதிநாயகத்தைப் பார்த்தார்.

"நீங்க? வழியனுப்ப வந்தவங்களா?"

கோமதிநாயகத்தின் வாய் நிறைய வார்த்தைகள் இருந்தன. உண்மையைச் சொன்னால் யாராவது ஒருவர் இறங்க வேண்டும். மேலே ஜன்னலோரத்தில் சூசை காலை நீட்டி உட்கார்ந்துவிட்டான். நேற்றுக் காலையிலிருந்து நின்ற கால்.

"ஆமாங்க" என்றான்.

"அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க. புகை அடிக்கும்."

தள்ளி நின்றான். பிறகு மனசு கேட்கவில்லை, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். வழியனுப்ப வந்தவர்கள் அங்கேதான் நிற்பார்கள்.

"தண்ணி எடுத்துக்கிட்டியா?"

"எடுத்தாச்சு அண்ணாச்சி."

"தலைய வெளிய நீட்டாத."

"சரி அண்ணாச்சி."

உள்ளே ரவூப் எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். இயந்திரம் ஒருமுறை செருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. வந்தவன் அதை நன்றாகத்தான் பராமரிக்கிறான். கலம் நகர்ந்தது. கோமதிநாயகம் கூடவே நாலு எட்டு ஓடினான்.

"போய்ச் சேந்ததும் ஒரு போன் போடு."

"கண்டிப்பா போடுதேன் அண்ணாச்சி" என்றான் சூசை. அவன் நம்பர் கேட்கவில்லை.