நல்லசாமி வாசல் வெயில்

இந்தக் காலத்துல ஒருத்தரையும் நிம்மதியா அழ விடமாட்டேங்கிறாங்க. முன்னெல்லாம் எழவு வீட்டுக்கு வந்தவன் கூட உக்காந்து அழுதுட்டுப் போவான். இப்ப போன்ல சூரியகாந்திப் பூவை அனுப்பி, சிரிங்கங்கிறான்.

எங்க இளைய மகன் ஸ்டீவன் ஆடி மாசம் மலை ரோட்டுல ஜீப்பு கவுந்து செத்துப்போனான். அதுலேர்ந்து அவன் அம்மா ஜோசப்பின் சாப்பாட்டை விட்டுட்டா. ரெண்டு வாய் கஞ்சி, அதோட மூஞ்சியைத் திருப்பிக்குவா. கையைப் பிடிச்சாத்தான் நடக்கலாங்கிற நிலைமைக்கு வந்துட்டா. இதுல ஐப்பசி மழை வேற. செண்பகனூர் முழுக்க மூட்டம், துவைச்ச துணி ஒரு வாரமாக் காயலை.

வீட்டுக்கு வந்து பாக்குற நர்ஸ் ஷர்மிளா சொல்லிச்சு. "தினம் ஒரு சின்ன சந்தோஷமாவது வேணும் தாத்தா. மாத்திரை மாதிரி விடாம எடுத்துக்கணும். இப்படியே சாப்பிடாம இருந்தா ஆஸ்பத்திரியில சேத்துக் குழாய் போடவேண்டியதுதான்."

"அந்த மாத்திரை எந்தக் கடையில விக்கிது தாயி?"

ஜோசப்பின்தான் படுக்கையிலேர்ந்து சொன்னா. "காலையில நல்லசாமி வாசல்ல கொஞ்சம் வெயில் விழுதுங்க. ஜன்னல் வழியாத் தெரியுது. அங்க உக்காந்தா கஞ்சி எறங்கும்னு தோணுது."

ஊர்ல வேற வாசலே இல்லாத மாதிரி. பக்கத்து வீட்டு நல்லசாமிக்கும் எனக்கும் பதினோரு வருஷமாப் பேச்சுக் கெடையாது. வேலியோரம் நான் வச்ச பேரிக்கா மரத்தை, நான் வெளியூர் போயிருந்தப்ப அடியோட வெட்டிட்டான்.

ரெண்டு நாள் அங்க போகாம இருந்து பாத்தேன். அந்த ரெண்டு வாய் கஞ்சியும் நின்னுபோச்சு. மூணாம் நாள் காலையில நாற்காலியைத் தூக்கிக்கிட்டு அவன் வாசலுக்குப் போனேன். பல் விளக்கிக்கிட்டு நின்னான்.

"என்ன உபகாரண்ணே, நாற்காலியோட வந்துட்டீங்க. பஞ்சாயத்தா?"

"அவளுக்கு வெயில் வேணுமாம்."

வாயைக் கொப்புளிச்சுட்டு வந்தான். "வெயிலுக்கு நானா சொந்தக்காரன்? மதினியைக் கூட்டிட்டு வெரசா வாங்க, மூட்டம் ஏறிரும்."

கூட்டிட்டு வந்து உக்கார வச்சேன். கண்ணை மூடிக்கிட்டு மூஞ்சியை வெயிலுக்குக் காட்டினா. கஞ்சித் தம்ளரைக் கொண்டாந்து நீட்டினேன், வாங்கிக் குடிச்சா.

நல்லசாமிக்குச் சும்மா நிக்க முடியலை. "மதினி, அந்த மரம் நின்னுருந்தா இந்த எடத்துல பாசிதான் பிடிச்சுக் கெடக்கும். உங்களுக்காகத்தான் அன்னைக்கே வெட்டுனேன்."

ஜோசப்பின் சிரிச்சுட்டா. கஞ்சி மூக்குல ஏறி இருமுற அளவுக்குச் சிரிச்சா. அது அழுகையில போய் முடிஞ்சுது. ஆனா தம்ளர்ல ஒண்ணும் மிச்சமில்லை.

பத்து நிமிஷம் இருக்கும். கீழ பள்ளத்துலேர்ந்து மூட்டம் ஏறி வெயிலை மூடிருச்சு.

"நாளைக்கும் வாங்க மதினி. நாற்காலி இங்கயே கெடக்கட்டும்."

"நாளைக்கு வெயில் வரும்னு உனக்குத் தந்தி வந்துச்சாக்கும்" னு சொல்லிட்டு, அவளை எழுப்பிக் கூட்டிக்கிட்டு நடந்தேன்.

ஒரு தம்ளர் கஞ்சி. அதுக்காக ஸ்டீவன் எந்திரிச்சு வரப்போறதில்லை. மரத்தை வெட்டுனது வெட்டுனதுதான். நாற்காலியை விட்டுட்டு வந்தது, அவளைப் பிடிக்க ரெண்டு கையும் வேணுங்கிறதாலதான்.