கிரேன்காரரின் வியாழக்கிழமைகள்

புருஷனுடைய சட்டையின் முதுகுப் பக்கத்தை மடித்து அவள் ஊசி குத்திக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. போன வருஷம் பொத்தான் தெறிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்த சட்டை. இப்போது உள்ளே இன்னொரு ஆளையும் படுக்க வைக்கலாம். கொழுந்தன் தன் அண்ணனை ஒருக்களிக்க வைத்துப் பிடித்திருந்தான். துணி ஆலையில் தையல் சரிபார்க்கிறவள் அவள். ஒரு தையல் விட்டிருந்தாலும் திருப்பியனுப்பிவிடுவாள். ஊசி வரிசை கோணாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"யாரு அண்ணி?"

"ஆஸ்பத்திரிப் பொண்ணு. இன்னிக்கு வியாழக்கிழமைல்ல."

கீமோ எடுப்பவர்களுக்குத் துத்தநாகமும் செலினியமும் சேர்ந்த மாத்திரை கொடுத்தால் சோர்வு குறைகிறதா, சோறு ருசிக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு அசல், மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கே தெரியாது. வாராவாரம் ஒரு பெண் போனில் கேள்வி கேட்பாள். அவரோ கிரேன் ஓட்டியவர். உயரத்திலேயே உட்கார்ந்து பழகியதால் பேச்சும் தரைக்கு இறங்காது.

"சோர்வா? நேத்துதான் மாடித் தண்ணித் தொட்டியத் தோள்ல தூக்கி வெச்சேன் பாப்பா," என்பார், அவள் டம்ளரை அவர் வாயருகே பிடித்திருக்க. "பசியா? என்னப் பாத்தா அரிசி மூட்டை நடுங்குது. தூக்கமா? என் குறட்டையச் சொல்லி மேல்வீட்டுக்காரர் வாடகையக் குறைக்கச் சொல்றாராம்."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்கும்.

"நீங்க புளுகுறத நம்பி ஊருக்கெல்லாம் இதக் குடுக்கப்போறாங்க!" என்று இவள் கத்துவாள்.

"அந்தப் புள்ள நாள் பூரா முனகல்தான்டி கேக்குது."

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"வணக்கம் சார்! இந்த வாரம் எத்தனை தொட்டி?"

"அவர் சம்சாரம் பேசுறேன். எழுதிக்கோ. அவர் சொன்னதெல்லாம் பொய். படுக்கையவிட்டு எழுந்திரிக்கல. சோறு தகரம் மாதிரி இருக்குன்னு துப்பினார். ராத்திரியெல்லாம் முழிச்சே கிடந்தார்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"நோயாளி சொன்னத நான் மாத்த முடியாதும்மா. நீங்க சொன்னதாத் தனியாக் குறிச்சு வைக்கிறேன்."

"வை. அவருக்குக் குடுத்தது அசலா, மாவா?"

"எங்களுக்கே தெரியாதும்மா. ஆராய்ச்சி முடிஞ்சாத்தான்."

அவ்வளவுதான். இத்தனை மாதம் நெஞ்சில் வைத்திருந்ததைச் சொல்லியாயிற்று. வேறொன்றும் ஆகவில்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, திருகி மூடினாள்.

"இந்த வாரத்துக்கு அவர்தாம்மா பதில் சொல்லணும். போன அவர்கிட்டக் கொஞ்சம் குடுங்களேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்தப் பெண் சொன்னாள்: "காலையிலேர்ந்து அழுகைதாம்மா கேட்டேன். சாரக் கடைசியாக் கூப்பிடலாம்னு ஆசையா வெச்சிருந்தேன்."

சமையலறை வாசலிலிருந்து, கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"தூங்குறார்," என்றாள்.

"அப்ப நாளைக்குக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடு பாப்பா."

போனில் சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது. ஒயரைத் தேடி எடுத்துச் சொருகினாள். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தாள். எரிந்தது.