மூக்குள்ள மாங்காய்

பலகை எதைப் பார்த்தாலும் எனக்கு வாய் சும்மா இருக்காது. கழிவறைக் கதவில் வரைந்த பெண்ணுக்கு ஏன் கழுத்தே இல்லை, பல் டாக்டர் போர்டில் பல் ஏன் முள்ளங்கி மாதிரி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டேதான் தெருவில் நடப்பேன். சென்னை விளம்பரக் கம்பெனியில் ஆறு வருஷம் இருந்துவிட்டு, தொண்ணூற்றாறில் திருப்பதியில் ஸ்டுடியோ திறந்தவன். இந்த வாய்க்காகவே என்னை நடுவராகக் கூப்பிடுவார்கள்.

பங்காருபாளையத்தில் மாம்பழக் கூழ் தொழிற்சாலை வைத்திருந்த நாகையா, புதிதாக விற்கப்போகும் கிளிமூக்கு மாங்காய்க் கூழ் டப்பாவுக்குச் சின்னம் வரைய ஒரு போட்டி வைத்தார். ஜெயித்தவருக்குத் தொழிற்சாலையிலேயே விளம்பர வேலை. தீர்ப்புச் சொல்ல நான்.

முந்தின நாள் தணிகைவேல் வந்தான். நகரியில் அவன் வீட்டுத் தறியும் எங்கள் வீட்டுத் தறியும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

"தாமு, நானும் ஒண்ணு வரைஞ்சி குடுத்துக்கிறேன். சிபாரிசு கேக்க வரல. வேல கெடச்சா இங்கியே இருந்துடுவேன். இல்லன்னா குவைத்துதான், விசா வந்துட்ச்சி. வீட்ல மஞ்சுக்கு இது ஏழாம் மாசம்."

"நல்லாருந்தா கெடைக்கும்டா" என்றேன்.

பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டு முப்பது படங்கள். ஏழாம் எண்ணைப் பார்த்ததுமே அவன் கை என்று தெரிந்தது. நுனி வளைந்த மாங்காய், நாலே கோடு. பார்த்தவுடன் பல் கூசியது. பள்ளிக்கூடத்திலிருந்தே அவன் என்னைவிட நன்றாக வரைவான். அதை ஊருக்குத் தெரியும்படி நானே சொல்ல வேண்டுமா? வயிறு எரிந்தது.

மேடையில் ஏழாம் எண்ணைத் தூக்கிப் பிடித்தேன். "இது மாங்காயா, லாரி மோதின ஆளா? மூக்கு ஒடைஞ்சி தொங்குது. பரிசெல்லாம் வேணாம், புத்தூருக்குக் கூட்டிக்கினு போயி மாவுக்கட்டு போடுங்க!"

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. நாகையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாம் வரிசையில் தணிகைவேலும் சிரித்தான். சிரிக்காமல் இருந்தால் வரைந்தவன் அவன்தான் என்று தெரிந்துவிடுமே.

சித்தூர் கம்ப்யூட்டர் கடைக்காரர் செய்த உருண்டை மாம்பழத்துக்குப் பரிசு கொடுத்தேன். கடையை விட்டு வர முடியாது என்று அவர் வேலையை மறுத்துவிட, அது என் ஸ்டுடியோவுக்கு வந்தது. அடுத்த மாதம் தணிகைவேல் விமானம் ஏறினான்.

உருண்டை ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை. பெட்டி ஏற்றுபவர்கள் எழுத்தைப் படிப்பதில்லை, படத்தைப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். உருண்டை என்றால் உயர்ந்த ரகமான காதர். மூக்கு இருந்தால்தான் மலிவான கிளிமூக்கு. புது டப்பா எல்லாவற்றையும் காதர் என்று துபாய் கன்டெய்னரில் ஏற்றிவிட்டார்கள். மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது.

நாகையா போனில் கத்தினார். "ஏமய்யா தாமோதரா, மூக்கு எங்கய்யா? நாளைக்குள்ள மூக்கு வச்ச மாங்காய் வேணும்!"

மேசை டிராயரைத் திறந்தேன். போட்டியன்று நான் எடுத்து வந்த ஏழாம் எண் அங்கேதான் கிடந்தது. நானே கிண்டல் செய்த மூக்கு; அப்படியே வைக்க வெட்கமாக இருந்ததால் கொஞ்சம் குறைத்தேன். கீழே என் கையெழுத்தைப் போட்டேன். நாகையா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மறு வருஷம் குவைத்திலிருந்து கடிதம் வந்தது. அங்கே ஒரு பெரிய கடையில் அலமாரி அடுக்குகிறானாம்.

"தாமு, நம்ம டப்பா இங்க வந்துட்ச்சி. தெனம் நான்தான் அடுக்கறேன். பொண்ணு நடக்குதாம், நான் இன்னும் பாக்கல. மூக்க ஏன்டா கொறச்சே? காய் மொண்ணையாயிட்ச்சி. அப்பிடியே வுட்டுக்கலாம்."

வசவு ஒன்றுகூட இல்லை. டப்பாவை எடுத்து வைத்து வெகுநேரம் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான்.

அடுத்த அச்சில் மூக்கை நீட்டிவிட்டேன். கடிதத்துக்குப் பதில் போடவில்லை.