கொடியில் கை வைக்க வேண்டாம்

முகைதீன்பாவா எழுத்துப் படித்தது முப்பத்தொன்பதாம் வயதில். சூறாவளி அடித்துக் கல்முனைக்குடிக் கூரைகளைக் காற்று கொண்டு போன வருசம், நிவாரண அரிசி வாங்க வரிசையில் நின்றபோது அவருடைய பெருவிரலைப் பிடித்து நீல மையில் அமுக்கிக் கடுதாசியில் குத்தினார்கள். பக்கத்தில் நின்ற மகள் றம்ஸியா, "பேர எழுதினா கை ஊத்தையாகாதே வாப்பா" என்றாள். ஆறு வயதுப் பிள்ளை. குத்திக் காட்டச் சொன்ன பேச்சல்ல. ஆனாலும் அந்த மை கழுவிய பிறகும் அவருக்குப் போகவில்லை.

அதன் பிறகு இரண்டு வருசம், மஃரிப் தொழுதுவிட்டு முதியோர் வகுப்புக்குப் போனார். சின்னப் பிள்ளைகள் குந்துகிற வாங்கில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். பகல் முழுக்க நெல் மூட்டை சுமந்த தோள் எரியும், கண் சொருகும். என்றாலும் விடவில்லை. ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குப் போவது, மூட்டையோடு ஈர வரம்பில் நடப்பது மாதிரித்தான். விழாமல் கரை சேர்ந்தால் போதும். கடைப் பலகைகளை எல்லாம் வாசித்துக்கொண்டே வீட்டுக்கு வருவார். மனைவி சபூறா, "ரோட்டையும் பார்த்து நடங்க. பலகையப் பார்த்துப் பார்த்துக் கானுக்குள்ள விழுந்திராதீங்க" என்று சிரிப்பாள்.

இப்போது றம்ஸியா மூன்றாம் வகுப்பு. பங்குனி பிறந்திருந்தது. மழை விட்டு, வெள்ளம் வடிந்து, வெயில் கொளுத்தத் தொடங்குவதற்கு முந்திய அந்தக் கொஞ்ச நாள். பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருகிற கனகாம்பிகை டீச்சர், கடைசிப் பாடத்துக்குப் பிள்ளைகளை வளவுக்குள் கூட்டிப் போய்விடுவாள். ஆளுக்கொரு கொப்பி. எறும்பு எந்தப் பக்கம் போகுது, தும்பி எதில் குந்துது, எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வருது என்று பார்த்துப் பார்த்துக் கீறி எழுத வேண்டும். அதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் குருவிக் கொப்பி.

"வாப்பா, சிலந்தி வலைய எல்லாம் இழுத்து வந்து கூடு கட்டுது வாப்பா. தொங்குற கூடு. தேன்சிட்டு."

"ம்."

"ரெண்டு குஞ்சு இருக்கு. வாய மட்டும்தான் தெரியும். மஞ்சள் வாய்."

"ம்."

இரண்டாவது "ம்" வரும்போது முகைதீன்பாவாவின் கண் மூடியிருக்கும். கூடு எங்கே இருக்கிறது என்று ஒரு நாளாவது அவர் கேட்கவில்லை. பிறகு நினைத்து நினைத்து வெந்தது இதற்கும் சேர்த்துத்தான்.

அந்தக் கிழமை பள்ளிக்கூட வளவைத் துப்புரவாக்கச் சிரமதானம் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை லீவு, வாப்பாமார் எல்லாம் வரவேண்டும் என்று அறிவித்தல். முதல் நாள் றம்ஸியா ஒரு மடித்த துண்டைக் கொண்டுவந்தாள்.

"டீச்சர் தந்த. ஒங்களுக்கிட்டக் குடுக்கட்டாம். வாசிக்கட்டா?"

"இஞ்ச தா. எனக்கென்ன கண் இல்லையா?"

தன் பெயருக்கு ஒரு கடிதம். வாழ்க்கையில் முதல் தடவை. விளக்குக்குக் கிட்டப் போய், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, விரல் வைத்து வாசித்தார். கொ-டி-யி-ல் கை வைக்க வேண்-டா-ம். பிள்ளைகளுக்கு வேண்டும். அவ்வளவுதான். ஒரு எழுத்தும் சறுக்கவில்லை.

"என்ன போட்டிருக்கு வாப்பா?"

"பெரியாக்கள்ற விசயம். நீ போய்ப் படி."

துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த நேரம் அதைப் பிள்ளையின் கையில் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கல்முனைக்குடியில் பிறந்தவனுக்குக் கொடி என்றால் என்ன? கடற்கரைப் பள்ளிவாசலில் ஊர் கூடி ஏற்றுகிற கொடி. இல்லாவிட்டால் பள்ளிக்கூட முற்றத்துக் கொடிமரத்தில் பறக்கிற கொடி. வேறென்ன? நமக்கு முசுட்டை என்றால் முசுட்டை, பாகல் என்றால் பாகல். படருகிற பச்சையை எல்லாம் சேர்த்துக் கொடி என்று ஒரே பேரில் கூப்பிடுகிற வழக்கம் அவருக்கு வாயிலும் இல்லை, காதிலும் இல்லை.

வெள்ளிக்கிழமை விடிய, தாக்கத்தியும் மண்வெட்டியுமாகப் போனார். மற்ற வாப்பாமார் மாவடிப்பள்ளிப் பக்கம் வேளாண்மை வெட்டுக்குப் போய்விட்டார்கள். வேறு ஒருத்தரும் வரவில்லை. சரி, எல்லார் வேலையையும் நானே செய்கிறேன் என்று இறங்கினார். புல்லைச் சிரைத்தார். கிணற்றடியைச் செதுக்கினார். கொடிமரத்துக்குக் கிட்ட வந்ததும் நின்றார். கை வைக்க வேண்டாம் என்று எழுதியே தந்திருக்கிறார்கள். மரத்தைச் சுற்றி இரண்டு முழத்துக்கு வட்டமாக விட்டுவிட்டு, அதற்கு வெளியே ஒரு புல் இல்லாமல் வழித்தார். தள்ளி நின்று பார்த்தார். வாசிக்கத் தெரிந்தவன் செய்த வேலை என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

கடைசியாகத்தான் பின் மதிலுக்குப் போனார். சூறாவளி மரங்களை எல்லாம் சாய்த்த வளவில், பாதி இடிந்த அந்த மதிலில் முசுட்டை மட்டும் குடை பிடித்த மாதிரிப் படர்ந்து கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுவை. வேரோடு வந்தது. இளம் இலையாகப் பார்த்து மடி நிறையக் கிள்ளிக்கொண்டு, மிச்சத்தைச் சுருட்டிக் குப்பைக் குவியலில் எறிந்துவிட்டு ஜும்ஆவுக்குக் குளிக்கப் போனார்.

பகலைக்குச் சபூறா தேங்காய்ப்பூ போட்டு முசுட்டைச் சுண்டல் வறுத்தாள். றம்ஸியா இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் மகளோடு போனார். மூட்டைக்குப் போகிற சாரம் இல்லை. ஜும்ஆவுக்கு உடுத்த வெள்ளைச் சட்டை, அதன் பைக்குள் டீச்சரின் துண்டு. அதிபர் பெரிய சேர் கண்டால் ஒரு வார்த்தை சொல்லுவார், பிள்ளையின் முன்னால் கேட்க நல்லாயிருக்கும் என்ற ஆசை.

பிள்ளைகள் கேற்றுக்குள் வந்ததும் பின் மதிலுக்கு ஓடினார்கள். ஓடிய கால் எல்லாம் ஒரே இடத்தில் நின்றது. மதில் மொட்டையாக இருந்தது.

குவியலைக் கிளறியவன் றம்ஸியாவின் வகுப்புப் பையன் மசூர். காய்ந்த முசுட்டைக்குள்ளிருந்து நார்ப்பை மாதிரி ஒன்றை எடுத்தான். அதற்குள் ஒரு குஞ்சுதான் இருந்தது. அதிலும் எறும்பு. மற்றதைக் காகம் கொண்டு போயிருக்க வேண்டும். மதில் மேல் ஒரு தேன்சிட்டு குந்தி, பறந்து, திரும்ப வந்து குந்தி, வெறும் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. அதன் சொண்டில் இன்னும் ஒரு சின்னப் பூச்சி.

அப்போதுதான் முகைதீன்பாவாவுக்கு விளங்கியது. மஞ்சள் வாய். தொங்குகிற கூடு. ம், ம் என்று தூங்கிய இரவுகள்.

வெள்ளிக்கிழமை வந்தது அவர் ஒருத்தர்தான் என்று எல்லாருக்கும் தெரியும். கனகாம்பிகை டீச்சர் கோபக்காரி அல்ல. மெதுவாகத்தான் கேட்டாள். "றம்ஸியாட வாப்பா, நான் ஒரு துண்டு அனுப்பினேனே. முசுட்டைக் கொடியில கை வைக்க வேணாம் எண்டு. கிடைக்கல்லையா?"

முசுட்டைக் கொடி. அந்த ஒரு சொல் துண்டில் இல்லை. ஆனால் அதைச் சொல்லி நியாயம் பேச வாய் வரவில்லை. சொன்னால் என்ன சொல்லுவார்கள்? எழுத்தைக் கூட்டத் தெரியும், விளங்கத் தெரியாது, கிழட்டுப் படிப்பு. நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சட்டைப் பைக்குள் துண்டு கொள்ளிக்கட்டையாய்ச் சுட்டது.

"எனக்கு வாசிக்கத் தெரியாது டீச்சர்" என்றார் முகைதீன்பாவா.

சொல்லி முடிந்த பிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது. இரண்டு வருசம் முழங்கால் இடிக்கக் குந்திப் படித்ததை ஒரு மூச்சில் துப்பிவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. டீச்சர் றம்ஸியாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீ வாசிச்சுக் காட்டல்லையா மகள்?"

றம்ஸியா வாப்பாவைப் பார்த்தாள். இவர் சொல்லட்டும் என்று காத்திருந்த மாதிரி. முகைதீன்பாவா கீழே பார்த்தார். தன் கால் பெருவிரலைப் பார்த்தார்.

"மறந்திட்டேன் டீச்சர்" என்றாள் பிள்ளை.

"கொலகாரி!" என்றான் மசூர். "இவளாலதான். இவள்ற வாப்பா மாட்டுக்குப் புல்லு வெட்டுற மாதிரி வெட்டியிருக்கார், இவள் பார்த்துக்கிட்டு இருந்திரிக்காள்."

டீச்சர் அவனை அதட்டினாள். அதட்டி என்ன? அன்றைக்கு வாங்கில் றம்ஸியாவின் இரண்டு பக்கமும் ஆளில்லை.

வீட்டில் அவள் வாப்பாவைக் காட்டிக் கொடுக்கவில்லை. சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு உம்மாவிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமச் சுண்டல் எந்த முசுட்டை உம்மா?"

"வாப்பா பள்ளிக்கூடத்தில இருந்து கொண்டு வந்தது. ஏன்? நல்லாத்தானே தின்றாய்?"

பிள்ளை கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போய்விட்டாள். முகைதீன்பாவாவுக்குக் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

மறு நாள் மூட்டை சுமக்கும்போதுதான் அது அவருக்கு உறைத்தது. கொடிமரத்து வட்டம்! வளவு முழுக்க வழித்துவிட்டு அங்கே மட்டும் முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கிறது. கண் உள்ள யாரும் கேட்பார்களே, இவன் ஏன் இதை விட்டான் என்று. துண்டை வாசித்தவன் மட்டும்தான் இதை விட்டிருப்பான். அவர் சொன்ன பொய்க்கு முற்றத்து நடுவில் சாட்சி நிற்கிறது.

பள்ளிக்கூடம் விட்டிருக்கும் என்று பார்த்து, தோள் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, தாக்கத்தியைச் சாரத்தில் சொருகிக்கொண்டு போனார். சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் களவெடுக்கப் போகிறவன் மாதிரி மதிலோரமாகப் போனார்.

வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை வெறும் தரையில் குப்புறக் கிடந்தது. கொப்பி திறந்து கிடந்தது. வெள்ளைச் சட்டையில் மண். றம்ஸியா.

அவள் தலையைத் திருப்பிக் கத்தியைப் பார்த்தாள்.

"இதையும் வெட்டவா வந்த நீங்க?"

"வீட்டுக்கு வராம இஞ்ச என்ன செய்றாய்?"

"மதிலடியில என்னய விடுறாங்க இல்ல. இஞ்ச ஒருத்தரும் வரமாட்டாங்க." திரும்பவும் புல்லுக்குள் பார்த்தாள். "வெட்டுக்கிளி இரிக்கு. முட்ட போடுற பூச்சி ஒண்டும் இரிக்கு. மெல்லக் கதைங்க."

முகைதீன்பாவா குந்தினார். கத்தியைப் பின்னால் மறைத்து வைத்தார். புல்லுக்குள் என்னவோ பச்சையாய் அசைந்தது. எது புல், எது பூச்சி என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"எனக்கு நேத்தே தெரியும் வாப்பா" என்றாள் பிள்ளை, புல்லைப் பார்த்தபடியே. "இந்த வட்டத்தப் பார்த்ததும் தெரியும். நீங்க கொடிமரம் எண்டு நெனச்சிட்டீங்க."

"ஓம் மகள்."

"டீச்சர்ர ஊரில படர்றதெல்லாம் கொடி."

"எனக்குத் தெரியாது மகள்."

"பிழையா வெளங்கினா என்ன, நானும்தான் பிழையா வெளங்குற. டீச்சர் சிரிச்சிட்டுச் சொல்லித் தருவா." குரல் கொஞ்சம் உடைந்தது. "வாசிக்கவே தெரியாது எண்டு ஏன் சொன்ன நீங்க? நான் எல்லாருக்கிட்டயும் சொல்லியிரிக்கன், எங்கட வாப்பா இப்ப வாசிப்பார் எண்டு."

கூலிக்காரனுக்கு எத்தனையோ வெட்கம் பழக்கம். கிழிந்த சாரம், கடன் கேட்ட வாய், மை பூசிய விரல். அதெல்லாம் மற்றவன் தந்த வெட்கம். இது தானே செய்து பிள்ளையின் தலையில் ஏற்றி வைத்தது. மூட்டை என்றால் தோள் மாற்றலாம்.

அடுத்த நாள் அவர் மூட்டைக்குப் போகவில்லை. மூன்றாம் வகுப்பு வாசலில் நின்று, "டீச்சர், ஒரு சொல்லுச் சொல்ல வேணும்" என்றார். துண்டை எடுத்து விரித்தார். நாலு நாள் வியர்வையில் எழுத்து கசிந்திருந்தது.

விரல் வைத்து வாசித்தார். "கொ-டி-யி-ல் கை வைக்க வேண்-டா-ம். பிள்ளைகளுக்கு வேண்டும்."

துண்டைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இது எனக்கு வந்த துண்டு. என்ட மகள் மறக்கல்ல. வாசிக்கட்டா எண்டு கேட்டாள், நான் விடல்ல. நானே வாசிச்சன். கொடி எண்டா..." முற்றத்தைக் கையால் காட்டினார். "அந்தக் கொடி எண்டு நெனச்சன். வாசிக்கத் தெரியாது எண்டு சொன்னது பொய். குஞ்சுகள் செத்தது என்னால."

மசூர் எட்டி ஜன்னலால் பார்த்தான். வழித்த முற்றத்து நடுவில், கொடிமரத்தைச் சுற்றி, தலைமயிர் வெட்டாமல் விட்ட மாதிரி ஒரு வட்டம் புல்.

"அப்ப கொடிமரத்துக்கா காவல் வெச்ச நீங்க?" என்றான்.

முதலில் ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு வகுப்பு முழுக்கச் சிரித்தது. டீச்சர் கையை உயர்த்தினாள், ஆனால் அவளுக்கும் உதடு நிற்கவில்லை. முகைதீன்பாவா நின்றார். ஓடவில்லை. இது தனக்கு வர வேண்டியது, இரண்டு நாள் பிந்தி வருகிறது என்று நின்று வாங்கிக்கொண்டார்.

சிரித்துக்கொண்டே மசூர் தன் கொப்பியைத் தூக்கி றம்ஸியாவின் வாங்கில் போட்டுவிட்டுப் பக்கத்தில் போய்க் குந்தினான். "அந்தப் புல்லுக்குள்ள என்னடி இரிக்கு?" என்று கேட்டான்.

முகைதீன்பாவா துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினார். முற்றத்தைக் கடக்கும்போது வட்டத்தில் கால் படாமல் சுற்றிப் போனார். பின்னால் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அதற்குள் தன் மகளின் குரலும் இருக்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே நடந்தார். கேற்றுக்குக் கிட்டத்தான் கேட்டது. இருந்தது. தலையை நிமிர்த்த முடியவில்லை. ஆனாலும் நின்று, அது ஓயும் மட்டும் கேட்டுவிட்டுத்தான் ரோட்டில் ஏறினார்.